திறப்பு யார் கையில்? மென்பொருள் ஏகபோகமும் எண்ணங்களின் உடைமையும்: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

மட்டக்களப்பு நகரில் இருபத்தைந்து ஆண்டுகளுக்கு மேலாகத் தமிழ்த் தட்டச்சும் நூல் வடிவமைப்பும் செய்து வருகிறேன். மாலையில் கணினி வகுப்பும் எடுக்கிறேன். அச்சுப் பிரதிக்காகக் கடை வாங்கில் காத்திருப்பவர்களும் வகுப்புப் பிள்ளைகளும் சில கேள்விகளைத் திரும்பத் திரும்பக் கேட்கிறார்கள். அவற்றையும் நான் சொல்லிவரும் பதில்களையும் இங்கே எழுதிவைக்கிறேன். வழக்கு வரைக்கும் போகக்கூடிய விடயம் உங்களிடம் இருந்தால் சட்டத்தரணி ஒருவரைப் பாருங்கள். இது விடயத்தை விளங்கிக்கொள்வதற்கு மட்டும்.

மைக்ரோசொப்ட், கூகுள் என்று அமெரிக்கக் கம்பனிகளின் ஏகபோகச் சண்டை நமக்கு எதற்கு?

1999இல் படுவான்கரையிலிருந்து, கூத்துப் பழக்கும் ஆசானான ஓர் அண்ணாவியார் என்னிடம் வந்தார். தகப்பனார் கைப்பட எழுதிய கூத்துக் கொப்பி ஒன்றைச் சீலையில் சுற்றிக் கொண்டுவந்திருந்தார். ஓரங்கள் செல்லரித்திருந்தன. "தம்பி, நான் கண்ணை மூடுவதற்கு முதல் இதை அச்சில் பார்க்க வேண்டும்" என்றார். இரண்டு மாதம், இரவில் இருந்து அடித்தேன். எழுத்துரு பாமினி. அந்த நாளில் இலங்கையில் தமிழ் அடித்தவர்களில் பெரும்பாலானோர் கையில் இருந்தது அதுதான். ஐந்து பிரதி எடுத்துக் கட்டிக் கொடுத்தேன். கோப்பை முதலில் பிளொப்பியிலும் பிறகு இறுவட்டிலும் பத்திரப்படுத்தினேன்.

இருபது ஆண்டு கழித்து அவருடைய பேரன் வந்தான். அண்ணாவியார் காலமாகிவிட்டார். பிரதிகள் கைமாறித் தொலைந்துபோயின. ஊரில் மீண்டும் அந்தக் கூத்தைப் பழக்கப் போகிறார்கள், சட்டங் கொடுக்க வேண்டும் என்றான். ஆடுபவர் ஒவ்வொருவருக்கும் அவரவர் பாட்டும் வசனமும் எழுதிய ஏட்டைக் கொடுத்துப் பழக்கத்தைத் தொடங்கும் சடங்கை நாங்கள் அப்படிச் சொல்வோம். இறுவட்டைப் போட்டேன். நல்ல காலம், அது ஓடியது. கோப்பு திறக்கவில்லை. நான் பயன்படுத்திய பக்க வடிவமைப்பு மென்பொருளின் புதிய பதிப்பு அந்தப் பழைய கோப்பைத் திறக்காது. பழைய பதிப்போ புதிய கணினியில் ஏறாது, விற்பனையிலும் இல்லை. கோப்பு எப்படிக் கட்டப்பட்டிருக்கிறது என்பதை அந்தக் கம்பனி ஒருபோதும் வெளியிட்டதில்லை.

வேறு வழியில் எழுத்துகளை மட்டும் உருவி எடுத்தபோது இரண்டாவது பூட்டு தெரிந்தது. "தமிழ்" என்ற சொல் இருக்க வேண்டிய இடத்தில் ஜே, கே, பி, ஓ என்ற நான்கு ஆங்கில எழுத்துகளும் ஓர் அரைப்புள்ளியும் இருந்தன. பாமினி அப்படித்தான் வேலை செய்கிறது. ஆங்கில எழுத்தின் இடத்தில் தமிழ் எழுத்தின் படத்தை வரைந்து காட்டும். கணினியைப் பொறுத்தவரை அந்தக் கொப்பியில் ஒரு தமிழ் எழுத்துக்கூட இல்லை.

கூத்து ஊருடையது. அடித்த கை என்னுடையது. கணினி காசு கொடுத்து வாங்கியது. திறப்பு மட்டும் வேறு ஆளிடம் இருந்தது. அன்றைக்குத்தான் இந்த விடயத்தை ஒழுங்காகப் படிக்கத் தொடங்கினேன்.

ஏகபோகம் என்றால் என்ன? பெரிய கம்பனியாக இருப்பதே குற்றமா?

ஒரு சந்தையைப் போட்டியில்லாமல் ஒருவரே பிடித்து வைத்திருப்பதுதான் ஏகபோகம். பெரிதாக இருப்பது மட்டும் குற்றம் இல்லை. நல்ல பொருளைச் செய்து, எல்லோரும் விரும்பி வாங்கி, அதனால் ஒரு கம்பனி பெரிதானால் அது குற்றம் ஆகாது. அப்படிக் கிடைத்த இடத்தைக் காப்பாற்றிக்கொள்ள மற்றவன் வரும் வழியை அடைப்பதுதான் குற்றம். அமெரிக்காவில் 1890இல் வந்த ஷேர்மன் சட்டத்தின் அடிப்படை இதுதான். 1911இல் எண்ணெய் வணிகத்தை வளைத்துப் பிடித்திருந்த ஸ்டாண்டர்ட் ஒயில் கம்பனியை அந்தச் சட்டத்தின்படி நீதிமன்றம் 34 கம்பனிகளாகப் பிரித்தது.

வகுப்பில் நான் உன்னிச்சைக் குளத்தைக் காட்டிச் சொல்வேன். ஒரு விவசாயி நூறு ஏக்கர் செய்து நன்றாக விளைவித்தால் யாருக்கும் மனத்தாங்கல் வரக் கூடாது. அவரே தலைமதகின் திறப்பையும் வைத்துக்கொண்டு, கீழ்க்கண்டத்தில் தன்னோடு போட்டி போடும் வயலுக்கு மட்டும் தண்ணீரைக் குறைத்தால்? அதனால்தான் தண்ணீர்ப் பங்கீட்டைத் தனி ஒருவரின் விருப்பத்துக்கு விடாமல், பங்கிடும் பொறுப்பாளரான வட்டவிதானையைத் தெரிவு செய்து, கூட்டம் கூடித் தீர்மானிக்கிறோம். கணினியில் இயங்குதளம் என்பது தலைமதகு. விண்டோசும் அன்ட்ரொயிட்டும் அப்படிப்பட்ட மதகுகள். மற்ற மென்பொருள்கள் எல்லாம் அதற்குக் கீழே உள்ள வயல்கள்.

மென்பொருளில் ஏகபோகம் நெல் வியாபாரத்தைவிட வேகமாக உறைந்துவிடும். எல்லோரும் விண்டோஸ் வைத்திருப்பதால் நிரல் எழுதுகிறவர் விண்டோசுக்கு எழுதுகிறார். எல்லா நிரலும் விண்டோசுக்கு இருப்பதால் வாங்குகிறவர் விண்டோசையே வாங்குகிறார். இந்தச் சுற்றுக்குள் புதியவர் நுழைவது மிகக் கடினம். மைக்ரோசொப்ட் வழக்கின் நீதிபதி இதைத்தான் நுழைவுத் தடை என்று விரிவாக எழுதினார்.

அந்த மைக்ரோசொப்ட் வழக்கில் உண்மையில் என்ன நடந்தது?

அதற்கு முந்தைய ஒரு சம்பவத்திலிருந்து தொடங்க வேண்டும், ஏனென்றால் அதில் தந்திரம் வெளிப்படையாகத் தெரிகிறது. கணினி உற்பத்தியாளர்களோடு மைக்ரோசொப்ட் ஓர் உடன்படிக்கை வைத்திருந்தது. விற்பனைக்குப் போகும் ஒவ்வொரு கணினிக்கும் அதற்குப் பணம் கட்ட வேண்டும், உள்ளே அதன் இயங்குதளம் இருந்தாலும் இல்லாவிட்டாலும். வேறு இயங்குதளம் போட விரும்பும் உற்பத்தியாளர் இரண்டு முறை செலவழிக்க வேண்டும். யார் போடுவார்? 1994இல் அமெரிக்க நீதித் திணைக்களத்தோடு ஏற்பட்ட இணக்கத்தில் இந்த வழக்கத்தைக் கைவிட மைக்ரோசொப்ட் ஒப்புக்கொண்டது.

பெரிய வழக்கு 1998 மே மாதம் அமெரிக்க அரசால் தொடுக்கப்பட்டது. நடுவில் இருந்தது நெட்ஸ்கேப் என்ற இணைய உலாவி. நிரல்கள் உலாவியின் மேலேயே ஓடத் தொடங்கிவிட்டால் கீழே எந்த இயங்குதளம் இருக்கிறது என்பது முக்கியமில்லாமல் போய்விடும். மைக்ரோசொப்ட் அஞ்சியது அதற்குத்தான். தன் உலாவியை விண்டோசோடு சேர்த்து இலவசமாகக் கொடுத்தது. அதன் சின்னத்தைத் திரையிலிருந்து அகற்றக் கூடாது என்று கணினி உற்பத்தியாளர்களைக் கட்டுப்படுத்தியது. நீதிபதி தோமஸ் பென்பீல்ட் ஜாக்சன் 1999 நவம்பரில், மைக்ரோசொப்டிடம் ஏகபோக வலு இருக்கிறது, அதைப் போட்டியை நசுக்கப் பயன்படுத்தியது என்று முடிவு செய்தார். 2000 ஜூனில் கம்பனியை இரண்டாகப் பிரிக்கும்படி உத்தரவிட்டார்.

பிரிவினை நடக்கவில்லை. 2001 ஜூனில் மேன்முறையீட்டு நீதிமன்றம், ஏகபோகத்தைச் சட்டவிரோதமாகக் காத்துக்கொண்டது என்ற முடிவின் முக்கிய பகுதிகளை உறுதி செய்தது. ஆனால் பிரிக்கும் உத்தரவை ரத்துச் செய்தது. வழக்கு நடக்கும்போதே நீதிபதி பத்திரிகையாளர்களோடு தனியாகப் பேசியதைக் கண்டித்து, வழக்கை வேறொரு நீதிபதிக்கு மாற்றியது. அந்த ஆண்டு நவம்பரில் இணக்கம் ஏற்பட்டது. ஒரு நீதிபதி வாயைக் கட்டாததால் இவ்வளவு பெரிய வேலை பலவீனப்பட்டுப் போனதே என்ற ஆதங்கம் எனக்கு இன்னும் இருக்கிறது.

அப்படியென்றால் வழக்கால் ஒரு பயனும் இல்லையா?

பயன் இருந்தது. மைக்ரோசொப்ட் அடுத்த போட்டியாளர்களை அதே முறையில் நசுக்கத் தயங்கியது என்றும், அந்த இடைவெளியில்தான் கூகுள் போன்றவை வளர்ந்தன என்றும் பலர் கருதுகிறார்கள். எனக்கும் அது சரியாகவே படுகிறது.

ஆனால் எனக்குப் பிடித்த தீர்ப்பு ஐரோப்பாவில் வந்தது. 2004இல் ஐரோப்பிய ஆணைக்குழு மைக்ரோசொப்டுக்கு 49.7 கோடி யூரோ தண்டம் விதித்ததோடு, அதன் சேவையகக் கணினிகள் ஒன்றோடொன்று எந்த மொழியில் பேசிக்கொள்கின்றன என்ற விவரத்தை மற்றவர்களுக்கும் கொடுக்க வேண்டும் என்று உத்தரவிட்டது. 2007இல் நீதிமன்றம் அதை உறுதி செய்தது. அந்த ஆண்டு டிசம்பரில், சம்பா என்ற கட்டற்ற (யாரும் எடுத்துத் திருத்தக்கூடிய) மென்பொருளை எழுதுகிறவர்கள் 10,000 யூரோ செலுத்தி அந்த விவரங்களைப் பெற்றுக்கொண்டார்கள். மற்றக் கணினிகளை விண்டோஸ் வலையமைப்போடு இணைக்க உதவும் மென்பொருள் அது. தண்டப் பணம் எவ்வளவு பெரிதானாலும் பெரிய கம்பனி கட்டிவிட்டுப் போய்விடும். மதகின் திறப்பை வெளியே எடுத்து வைத்தால்தான் கீழ்வயலுக்குத் தண்ணீர் வரும்.

ஓர் எண்ணத்துக்குச் சொந்தக்காரர் இருக்க முடியுமா?

கூத்தை வைத்தே யோசியுங்கள். அர்ச்சுனன் பாசுபதம் பெற்ற கதையை யார் வேண்டுமானாலும் கூத்தாக எழுதலாம். கூத்தின் இரண்டு பாணிகளில் வடமோடியில் எழுதலாம், தென்மோடியில் எழுதலாம். தாளக்கட்டும் ஆட்டமுறையும் யாருடைய வீட்டுச் சொத்தும் அல்ல. ஆனால் ஓர் அண்ணாவியார் தன் வாயால் கட்டிய விருத்தத்தை இன்னொருவர் அப்படியே பெயர்த்தெழுதித் தன் பெயரைப் போட்டால் ஊர் சும்மா இருக்காது. கதை பொது, சொல் அவருடையது. உலகம் முழுவதிலும் பதிப்புரிமைச் சட்டம் நிற்பது இந்த ஒரு பிரிவினையின் மேல்தான்.

நமது 2003ஆம் ஆண்டின் 36ஆம் இலக்கப் புலமைச் சொத்துச் சட்டமும் கணினி நிரலை ஓர் ஆக்கமாகப் பாதுகாக்கிறது. அதே சட்டம் எண்ணம், செயன்முறை, முறைமை, கோட்பாடு ஆகியவற்றுக்குப் பதிப்புரிமைப் பாதுகாப்பு இல்லை என்று வெளிப்படையாகவே சொல்கிறது, அவை ஒரு நூலில் விளக்கப்பட்டிருந்தாலும்கூட.

இந்தப் பிரிவினைக்குப் பழைய வழக்கு ஒன்று உண்டு. சார்ள்ஸ் செல்டன் என்ற அமெரிக்கர் புதிய கணக்குப் பதிவு முறை ஒன்றை விளக்கிப் புத்தகம் போட்டார், அதில் கோடு போட்ட படிவங்களும் இருந்தன. பேக்கர் என்பவர் அதைப் போன்ற முறையில் கணக்கேடு தயாரித்து விற்றார். 1880இல் உயர் நீதிமன்றம் சொன்னது இதுதான்: விளக்கிய சொற்கள் செல்டனுடையவை, கணக்கு எழுதும் முறையை யாரும் பயன்படுத்தலாம். நூறு ஆண்டு கழித்துக் கணினியில் அதே கணக்கேடு திரும்பி வந்தது. 1979இல் டான் பிரிக்லின், பொப் பிராங்ஸ்டன் இருவரும் விசிகல்க் என்ற விரிதாளை வெளியிட்டார்கள், கட்டங்களில் கணக்குப் போடும் மென்பொருள் அது, சொந்தக் கணினிகளுக்கு வந்தவற்றில் முதலாவது. அதற்கு ஆக்கவுரிமை (பேட்டன்ட்) எடுக்கவில்லை. அதன் வழியில் 1983இல் லோட்டஸ் கம்பனியின் விரிதாள் வந்தது, 1985இல் எக்செல் வந்தது. நமது பாடசாலை அலுவலகங்களில் இன்றைக்குப் புள்ளி கூட்டும் கட்டங்கள் எல்லாம் அந்த வழித்தோன்றல்கள்.

இனித்தான் எனக்குக் கோபம் வரும் பகுதி. பிறருடைய எண்ணத்தின் மேல் ஏறி வளர்ந்த லோட்டஸ், பின்னால் வந்த போர்லண்ட் கம்பனி மீது வழக்குத் தொடுத்தது. போர்லண்ட் நிரலை நகலெடுக்கவில்லை. லோட்டஸ் பழகியவர்கள் சிரமப்படாமல் இருப்பதற்காக அதே கட்டளைப் பட்டியலைத் தன் விரிதாளிலும் வைத்தது, மொத்தம் 469 கட்டளைகள். 1995இல் மேன்முறையீட்டு நீதிமன்றம், அது கருவியை இயக்கும் முறை, வீடியோ கருவியின் பொத்தான்களைப் போன்றது, அதற்குப் பதிப்புரிமை இல்லை என்றது. 1996இல் உயர் நீதிமன்றத்தில் நீதிபதிகள் நான்குக்கு நான்காகப் பிரிந்ததால் அந்தத் தீர்ப்பே நிலைத்தது. பழக்கத்தையே வேலியாக்கப் பார்த்தார்கள் என்பதைக் கவனியுங்கள். தட்டச்சுக்காரனுக்குத் தெரியும், விரல் பழகிய விசைப்பலகையை மாற்றுவது எவ்வளவு பாடு என்று. விரல் பழக்கம் விரலுக்குரியவருடையது. அதைக் கம்பனியின் சொத்து என்று நீதிமன்றம் சொல்லியிருந்தால் நாம் ஒரு மென்பொருளிலிருந்து இன்னொன்றுக்கு மாறவே முடியாமல் போயிருக்கும்.

இதே கேள்வி மீண்டும் ஒராக்கிள் கம்பனிக்கும் கூகுளுக்கும் இடையில் எழுந்தது. அன்ட்ரொயிட்டைக் கட்டும்போது கூகுள், பின்னாளில் ஒராக்கிள் வாங்கிய ஜாவா என்ற நிரல்மொழியின் ஏறக்குறைய 11,500 வரிகளை அப்படியே எடுத்தது, ஜாவா பழகிய நிரலாளர்கள் தெரிந்த கட்டளைகளையே பயன்படுத்தட்டும் என்பதற்காக. 2021இல் அமெரிக்க உயர் நீதிமன்றம் ஆறுக்கு இரண்டு என்ற கணக்கில் அது நியாயமான பயன்பாடு, அதாவது அனுமதி இல்லாமலே செய்யக்கூடியது என்று தீர்ப்பளித்தது. அந்த வரிகளுக்குப் பதிப்புரிமை உண்டா என்ற கேள்வியை அது தீர்க்காமலேயே விட்டுவிட்டது.

பதிப்புரிமைக்கும் ஆக்கவுரிமைக்கும் என்ன வேறுபாடு?

பதிப்புரிமை நீங்கள் எழுதிய வடிவத்தைக் காக்கும். பதிவு செய்யத் தேவையில்லை, எழுதிய கணமே வந்துவிடும். இலங்கையில் எழுதியவரின் வாழ்நாளும் அதற்குப் பிறகு 70 ஆண்டும் நிற்கும். ஆக்கவுரிமை புதிய கண்டுபிடிப்பைக் காக்கும். தேசிய புலமைச் சொத்து அலுவலகத்துக்கு விண்ணப்பித்துப் பெற வேண்டும், காலம் 20 ஆண்டு. சுயமாக அதே விடயத்தைக் கண்டுபிடித்தவரையும் ஆக்கவுரிமை தடுக்கும் என்பதுதான் பெரிய வேறுபாடு.

மென்பொருளுக்கு ஆக்கவுரிமை கொடுப்பது தவறு என்பது என் கருத்து. அமேசன் கம்பனி 1999இல், ஒரே சொடுக்கில் பொருள் வாங்கும் முறைக்கு அமெரிக்காவில் ஆக்கவுரிமை பெற்று 2017 வரை வைத்திருந்தது. பற்றுக் கொப்பியில் பெயர் இருக்கும் வாடிக்கையாளர் விரலைக் காட்டிப் பொருள் எடுத்துப் போவதை நமது ஊர்க் கடைகள் எத்தனை காலமாகச் செய்கின்றன! 2014இல் அமெரிக்க உயர் நீதிமன்றமே, அருவமான எண்ணத்தைக் கணினியில் செய்வதாகச் சொன்னால் மட்டும் அது கண்டுபிடிப்பு ஆகாது என்று கட்டுப்படுத்தியது.

பழைய கூத்துக் கொப்பியை நான் அச்சிடலாமா? விபுலாநந்தரின் எழுத்துகளை?

காரைதீவில் பிறந்த சுவாமி விபுலாநந்தர் 1947இல் காலமானார். 70 ஆண்டுக் கணக்கு 2017உடன் முடிந்துவிட்டது. அவர் எழுதியவற்றை இன்று யாரும் அச்சிடலாம், மின்நூலாக்கலாம். பின்னாளில் ஒருவர் எழுதிச் சேர்த்த முன்னுரையும் குறிப்பும் அப்படியல்ல, அவற்றுக்குத் தனி உரிமை உண்டு. தமிழில் அறிவியற் கலைச்சொற்களை ஆக்கும் முயற்சிக்கு முன்னின்று உழைத்தவர் அவர். அந்தச் சொற்களுக்கு யாரும் வாடகை கேட்டிருந்தால் நமது பாடநூல்களின் கதி என்னவாகியிருக்கும் என்று சில நேரம் நினைத்துப் பார்ப்பேன்.

கூத்து சற்றுச் சிக்கலானது. எழுதியவர் தெரிந்திருந்தால், அவர் காலமாகி 70 ஆண்டு கடந்ததா என்று பாருங்கள். கடக்காவிட்டால் குடும்பத்தாரிடம் அனுமதி கேளுங்கள். எழுதியவர் யாரென்றே தெரியாமல் தலைமுறை தலைமுறையாக வந்ததை, வர்த்தகத்துக்காகவோ அதன் மரபான சூழலுக்கு வெளியிலோ பயன்படுத்துவதை நாட்டார் வெளிப்பாடுகள் பற்றிய ஏற்பாட்டின் மூலம் அதே 2003ஆம் ஆண்டுச் சட்டம் கட்டுப்படுத்துகிறது. நேரடியாக வகுப்பில் கற்பிப்பதற்கும் ஆய்வுக்கும் தடையில்லை. களரி (கூத்தாடும் அரங்கு) கட்டி ஊர் தன் கூத்தை ஆடுவதற்கு எவரிடமும் கையெழுத்து வாங்க வேண்டியதில்லை.

இலங்கையில் ஏகபோகத்தைத் தடுக்கும் சட்டம் இருக்கிறதா?

இருக்கிறது, ஆனால் மெலிந்துபோய் இருக்கிறது. 1987இல் நியாய வர்த்தக ஆணைக்குழு ஒன்றைச் சட்டம் போட்டு அமைத்தார்கள். ஏகபோகங்களையும் கம்பனிகள் ஒன்றையொன்று விழுங்கி இணைவதையும் விசாரிக்கும் அதிகாரம் அதற்கு இருந்தது. 2003ஆம் ஆண்டின் 9ஆம் இலக்கப் பாவனையாளர் அலுவல்கள் அதிகாரசபைச் சட்டம் அதை நீக்கிவிட்டு வந்தது. போட்டிக்கு விரோதமான நடத்தையை விசாரிக்கலாம் என்று புதிய சட்டத்தில் இருக்கிறது. ஏகபோகத்தையும் இணைப்பையும் கட்டுப்படுத்தும் பழைய ஏற்பாடுகள் அதில் இடம்பெறவில்லை. இன்று அந்த அதிகாரசபையை நமது மக்கள் அறிந்திருப்பது அரிசிக்குக் கட்டுப்பாட்டு விலையைவிடக் கூட எடுத்த கடைக்காரரைப் பிடிப்பதற்காகத்தான்.

ஆண்டுகளைக் கவனித்தீர்களா? எண்ணங்களின் மேல் உரிமையை விரித்து எழுதிய புலமைச் சொத்துச் சட்டமும் 2003. ஏகபோகத்தைத் தட்டிக் கேட்கும் சட்டம் மெலிந்ததும் 2003. ஒரே ஆண்டில் வேலியை உயர்த்தி, வேலிக்காரனைக் கேட்கும் ஆளை வீட்டுக்கு அனுப்பிவிட்டோம். நம்மைப் போன்ற சிறிய நாடு மைக்ரோசொப்டையோ கூகுளையோ தனித்து எதிர்க்க முடியாது என்பார்கள். இந்தியாவின் போட்டி ஆணைக்குழு 2022 ஒக்டோபரில் அன்ட்ரொயிட் விடயத்தில் கூகுளுக்கு 1,337.76 கோடி இந்திய ரூபாய் தண்டம் விதித்தது. இந்தியா பெரிய சந்தை, உண்மைதான். ஆனால் கேட்பதற்குச் சட்டமும் அமைப்பும் இருந்தால்தான் சிறிய நாடு வாயையாவது திறக்க முடியும்.

கூகுள் இலவசம்தானே? காசு வாங்காதவன் எப்படி ஏகபோகக்காரன்?

நீங்கள் கட்டாத பணத்தை விளம்பரம் போடுகிற கடைக்காரர் கட்டுகிறார், பிறகு பொருளின் விலையில் அது உங்களிடமே வருகிறது. 2021இல் மட்டும், கைப்பேசிகளிலும் உலாவிகளிலும் தன் தேடலே முதலில் அமைந்திருக்க வேண்டும் என்பதற்காகக் கூகுள் மற்றக் கம்பனிகளுக்கு 2,630 கோடி டொலர் கொடுத்தது என்பது அமெரிக்க அரசு அதன் மீது தொடுத்த வழக்கில் வெளிவந்தது. மக்கள் தாமாகவே தேடி வருவார்கள் என்றால் அவ்வளவு பணம் எதற்கு? 2024 ஓகஸ்ட்டில் நீதிபதி அமித் மேத்தா, தேடலில் கூகுள் ஏகபோகத்தைச் சட்டவிரோதமாகக் காத்துவந்தது என்று தீர்ப்பளித்தார். 2025 செப்டெம்பரில் வந்த பரிகார உத்தரவில், குரோம் உலாவியை விற்கும்படி அவர் சொல்லவில்லை. கூகுளை மட்டுமே வைக்க வேண்டும் என்று கட்டும் தனியுரித்து உடன்படிக்கைகளைத் தடுத்தார், தேடல் தரவில் ஒரு பகுதியைப் போட்டியாளர்களோடு பகிரச் சொன்னார். எனக்கு அது போதாது. முதலிடத்துக்குப் பணம் கொடுப்பதையே நிறுத்தியிருக்க வேண்டும்.

களவாகப் பிரதி எடுத்த விண்டோசைப் போட்டால் ஏகபோகம் உடையாதா?

உடையாது, இன்னும் இறுகும். நூறு ரூபாய் இறுவட்டில் வந்த களவுப் பிரதியில் பழகிய பிள்ளை, வேலைக்குப் போனதும் அதே மென்பொருளைத்தான் அலுவலகத்தில் கேட்கிறது. 1998இல் பில் கேட்ஸே சீனாவைப் பற்றிப் பேசும்போது, திருடத்தான் போகிறார்கள் என்றால் நமது மென்பொருளையே திருடட்டும், பழகிவிடுவார்கள், பணம் வாங்கும் வழியைப் பிறகு கண்டுபிடிப்போம் என்ற கருத்தில் பேசினார். அதோடு இலங்கையில் இது தண்டனைக்குரிய குற்றம். உங்கள் எதிர்ப்பைக் காட்ட வேண்டுமென்றால் விண்டோசுக்குப் பதிலாக லினக்ஸ் என்ற கட்டற்ற இயங்குதளத்தைப் போடுங்கள்.

லினக்ஸ், லிப்ரே ஒஃபிஸ் போன்ற கட்டற்ற மென்பொருள்களை எல்லாம் நம்பிப் பாவிக்கலாமா?

பாவிக்கலாம். 1983இல் ரிச்சர்ட் ஸ்டோல்மன் தொடங்கிய குனு திட்டமும் 1991இல் லினஸ் டோர்வால்ட்ஸ் எழுதத் தொடங்கிய லினக்ஸ் கருவும் சேர்ந்து, இன்று உலகத்தின் சேவையகங்களில் பெரும்பகுதியை நடத்துகின்றன. ஸ்டோல்மன் செய்த நுட்பமான வேலை குனு மென்பொருளின் உரிமத்தில் இருக்கிறது: பதிப்புரிமையையே கருவியாக்கி, "இதை எடுத்துத் திருத்தலாம், விநியோகிக்கலாம், ஆனால் அடுத்தவருக்கும் அதே உரிமையைக் கொடுக்க வேண்டும்" என்று எழுதிவைத்தார். என் வகுப்பில் பாதிக் கணினிகள் அதில்தான் ஓடுகின்றன. வடிவமைப்பு வேலைக்குச் சில இடங்களில் இன்னும் குறை உண்டு, அதை மறைக்கமாட்டேன்.

அலுவலக நேரத்தில் நான் எழுதிய மென்பொருள் யாருடையது?

வேலையின் பகுதியாக எழுதியிருந்தால், உடன்படிக்கையில் வேறு விதமாக எழுதாதவரை, தொழில்தருநருடையது. நியமனக் கடிதத்தில் கையெழுத்துப் போடுவதற்கு முன் வாசியுங்கள்.

என் கடைக் கணக்கு மென்பொருள் கொடுத்தவர் இப்போது தொலைபேசியை எடுப்பதில்லை. பத்து வருடக் கணக்கு உள்ளே இருக்கிறது. என்ன செய்வது?

இந்தக் கேள்வி வராத மாதம் இல்லை. நிரல் அவருடையது, கணக்கு உங்களுடையது. ஆனால் கணக்கு அவருடைய கோப்பு வடிவத்துக்குள் இருக்கும்வரை அந்த உரிமை காகிதத்தில்தான். முதலில், இயங்கிக்கொண்டிருக்கும் கணினியை அணைத்து மாற்ற வேண்டாம். அதிலிருந்தே எல்லா அறிக்கைகளையும் விரிதாளாக ஏற்றுமதி செய்யுங்கள். அந்த வசதி இல்லையென்றால் கோப்பாக அச்சிடுங்கள். சட்டப்படி வாங்கிய மென்பொருள் என்றால், இழப்புக்கு எதிராக ஒரு காப்புப் பிரதி வைத்திருக்க நமது சட்டமே இடமளிக்கிறது.

புதிதாக வாங்குகிறவர்கள் விலையைக் கேட்பதற்கு முன் ஒரு கேள்வியைக் கேளுங்கள்: "நாளைக்கு நான் விலகினால் என் தரவை எந்த வடிவத்தில் தருவீர்கள்?" பதிலை எழுத்தில் வாங்குங்கள். அலுவலக ஆவணங்களுக்குத் திறந்த ஆவண வடிவம் 2006இலேயே சர்வதேசத் தரமாகிவிட்டது. அதன் கட்டமைப்பு முழுவதும் வெளியிடப்பட்டிருக்கிறது, இன்றில்லாவிட்டாலும் முப்பது ஆண்டு கழித்து ஒருவர் அதைத் திறக்கும் நிரலை எழுத முடியும்.

யூனிகோட் மட்டும் யாருடையது? அதுவும் ஒரு கம்பனிதானே?

யூனிகோட் என்பது மொழிகளின் ஒவ்வோர் எழுத்துக்குறிக்கும் ஓர் எண்ணைக் கொடுக்கும் தரம். அதைப் பேணுவது ஓர் ஒன்றியம். அதில் பெரிய கம்பனிகள் அமர்ந்திருக்கின்றன, அவற்றின் செல்வாக்கும் உண்டு. தமிழுக்கு ஒதுக்கிய 128 இடம் போதாது, உயிர்மெய் ஒவ்வொன்றுக்கும் தனி இடம் தந்திருக்க வேண்டும் என்று நமது அறிஞர்கள் பலர் வாதாடினார்கள். அந்த மனக்குறை நியாயமானது. இருந்தாலும் நான் யூனிகோட் பக்கம்தான் நிற்கிறேன். தரத்தைப் பயன்படுத்த எவருக்கும் பணம் கட்டத் தேவையில்லை. எந்த எண்ணுக்கு எந்த எழுத்து என்ற பட்டியல் வெளிப்படையாக இருக்கிறது. கல்லடியில் அடித்த "தமிழ்" ரொறன்ரோவில் "தமிழ்" என்றே திறக்கிறது. பாமினிக் காலத்தில் எழுத்துருவையும் பென்டிரைவில் சேர்த்துக் கொடுத்தனுப்பினோம்.

இன்னும் பாமினியில் அடிக்கும் அலுவலகங்களும் அச்சகங்களும் நமது மாவட்டத்தில் இருக்கின்றன. விசைப்பலகைப் பழக்கத்தை மாற்ற வேண்டியதில்லை. அதே விசை அமைப்பில் யூனிகோடாக அடிக்கும் கருவிகள் இலவசமாகக் கிடைக்கின்றன. தயவுசெய்து மாறுங்கள். இன்று நீங்கள் அடிக்கும் காணிக் கடிதத்தையும் கோயில் மலரையும் நாளைக்குத் தேடுகிறவருக்கு அரைப்புள்ளிதான் கிடைக்கும்.

அந்த அண்ணாவியாரின் கொப்பி கடைசியில் என்ன ஆயிற்று?

பழைய கணினி ஒன்றைத் தேடி எடுத்து, உருவிய எழுத்துகளை எழுத்துருவை மாற்றும் மென்பொருளில் போட்டு யூனிகோடாக்கினோம். பேரனும் நானும் பதினொரு இரவு இருந்து வாசித்துத் திருத்தினோம். பாமினியில் கொம்பை முதலில் அடித்து எழுத்தைப் பிறகு அடிப்போம், யூனிகோடில் வரிசை மாறி நிற்கும். அதை அந்த மென்பொருள் சரியாகவே செய்தது. ஆனால் "தெளி" என்று வருமிடமெல்லாம், கொம்பையும் ளகரத்தையும் சேர்த்து ஔகாரம் என்று எடுத்துக்கொண்டு "தௌி" என்று போட்டிருந்தது. தெளிந்த என்ற சொல் விருத்தங்களில் அடிக்கடி வரும். ஒவ்வொன்றாகத் தேடித் திருத்தினோம்.

சட்டங் கொடுத்த அன்று என்னையும் அழைத்திருந்தார்கள். மத்தளம் தொடங்குவதற்கு முன், கிருஷ்ணன் வேடம் கட்டும் பையன் தன் ஏட்டைக் கொண்டுவந்து ஒரு வரியைக் காட்டினான். எங்கள் கண்ணுக்குத் தப்பிய "தௌிந்த" ஒன்று அதில் இருந்தது. பேனா எடுத்து அவன் கண் முன்னாலேயே திருத்திக் கொடுத்தேன். வீட்டுக்கு வந்து கோப்பிலும் திருத்தினேன்.